ஊர்க் கபடியின் ஐம்பது ஆண்டுகளை எங்கே வைப்பது?

திருநெல்வேலி மாவட்டத்தில் சேரன்மகாதேவிக்கும் முக்கூடலுக்கும் நடுவே தாமிரபரணிக் கரையில் இருக்கும் எங்கள் ஊரின் கபடிக் குழுவுக்கு ஒரு தகரப் பெட்டி உண்டு. நாற்பதுக்கும் மேற்பட்ட போட்டி நோட்டீசுகள், இரண்டு ஸ்கோர் நோட்டுகள், ஓரம் செல்லரித்த கறுப்பு வெள்ளைப் புகைப்படங்கள், கோவில் கொடைத் திருவிழாவை ஒட்டி நடந்த ஆட்டங்களின் வரவு செலவு எழுதிய நீளக் கணக்கு நோட்டு ஒன்று ஆகியவை அதற்குள் இருக்கின்றன. குழு ஐம்பதாவது ஆண்டைத் தொடுவதால் இவற்றை முறையாகப் பதிந்து வைக்க வேண்டும் என்று எல்லோரும் ஒத்துக்கொண்டோம். எங்கே வைப்பது என்பதில்தான் ஒத்துப்போகவில்லை. இளைஞர்கள் முகநூல் பக்கம் போதும் என்கிறார்கள். சென்னையில் வேலை பார்க்கும் ஒருவர் சொந்த இணையத்தளம் வேண்டும் என்கிறார். ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியர் புத்தகமாக அச்சிட்டால்தான் நிற்கும் என்கிறார். விக்கிப்பீடியா, பழைய இணையப் பக்கங்களையும் பிறர் ஏற்றும் கோப்புகளையும் சேமித்து வைக்கும் இணைய ஆவணக் காப்பகம் (இன்டர்நெட் ஆர்க்கைவ்) என்ற பெயர்களும் கூட்டத்தில் எழுந்தன. ஒவ்வொன்றையும் எடைபோட்டு எழுதித் தரும் பொறுப்பை என்னிடம் விட்டார்கள். எங்களைப் போன்ற பிற ஊர்க் குழுக்களுக்கும் இந்தக் கேள்வி வரும் என்பதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பெரிய ஆட்டங்களின் பதிவைப் பற்றி நாம் கவலைப்பட வேண்டியதில்லை. கபடி 1990இல் பெய்ஜிங்கில் ஆசிய விளையாட்டுப் போட்டியில் பதக்க ஆட்டமாகச் சேர்ந்தது. 1994இல் ஹிரோஷிமாவில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடி, பின்னர் அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனின் பெயர் அரசின் ஏட்டில் இருக்கிறது. 2022 ஜகார்த்தா ஆசியக் கோப்பை ஹாக்கி அணியில் கோவில்பட்டியின் மாரீஸ்வரன் இடம்பெற்றதும் பதிவாகிவிட்டது. ஆனால் இப்படிப்பட்டவர்கள் உருவாகிற மண் தளங்களில், டியூப் லைட் கட்டிய மூங்கில்களுக்கு நடுவே, விடிய விடிய நடக்கும் மின்னொளி கபடியை எந்த ஏடும் எழுதி வைப்பதில்லை. அந்த ஆட்டம் நடந்ததற்கு மிஞ்சுகிற சாட்சி பெரும்பாலும் மஞ்சள் அல்லது இளஞ்சிவப்புத் தாளில் அடித்த நோட்டீஸ் ஒன்றுதான். ஃபிளெக்ஸ் பேனர் வந்த பிறகு அதுவும் குறைந்துவிட்டது. பேனரை ஆட்டம் முடிந்த மறுநாளே மாட்டுத் தொழுவத்துக்குக் கூரையாகக் கொண்டுபோய்விடுகிறார்கள்.

அந்த நோட்டீசு எவ்வளவு சொல்லும் என்பதை ஓர் உதாரணத்தால் காட்டினால்தான் எங்கே வைப்பது என்ற கேள்விக்குச் சரியான அளவுகோல் கிடைக்கும். பெட்டியில் இருந்த ஒன்றில் 'ஜனவரி 16, வெள்ளிக்கிழமை இரவு' என்று இருக்கிறதே தவிர ஆண்டு இல்லை. பழைய ஊர் நோட்டீசுகள் பலவற்றில் இந்தக் குறை உண்டு, ஏனென்றால் அதை வாசிப்பவருக்கு அன்று ஆண்டு தெரியும். ஒரே தேதி ஒரே கிழமையில் ஐந்து, ஆறு அல்லது பதினோரு ஆண்டு இடைவெளியில்தான் மறுபடி வரும். 1980க்கும் 2005க்கும் இடையில் ஜனவரி 16 வெள்ளிக்கிழமையாக வந்த ஆண்டுகள் 1981, 1987, 1998, 2004. நோட்டீசின் அடியில் முகவரியோடு 'நெல்லை கட்டபொம்மன் மாவட்டம்' என்று அச்சாகியிருக்கிறது. 1986 அக்டோபரில் பழைய திருநெல்வேலி மாவட்டத்தைப் பிரித்தபோது நம் பகுதிக்கு அந்தப் பெயரும், தூத்துக்குடிப் பகுதிக்குச் சிதம்பரனார் மாவட்டம் என்ற பெயரும் வந்தன; 1997இல் மாவட்டங்களுக்கு ஊர்ப் பெயர்களே போதும் என்று அரசு முடிவெடுத்தபோது இரண்டும் போயின. ஆகவே அந்த ஆட்டம் 1987ஆம் ஆண்டுப் பொங்கலை ஒட்டி நடந்தது என்று ஐயமின்றிச் சொல்ல முடிகிறது. கொடை நோட்டீசுகள் சிலவற்றில், கேரளத்திலும் நம் பக்கத்திலும் வழங்கும் கொல்லம் ஆண்டு இருக்கும். அதோடு ஆவணி முதல் டிசம்பர் வரைக்கும் 824ஐயும், ஜனவரிக்குப் பிறகு 825ஐயும் கூட்டினால் ஆங்கில ஆண்டு வந்துவிடும்.

இந்தக் கணக்கைப் போட முடிந்ததற்கு ஒரே காரணம், நோட்டீசின் அடிவரி வரைக்கும் தாள் முழுமையாக இருந்ததுதான். இதே நோட்டீசின் படம் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருந்தது. யாரோ ஒருவர் அழகுக்காக அடிப்பகுதியை வெட்டிவிட்டிருந்ததால், அதில் கிழமையும் தேதியும் மட்டுமே இருந்தன. எங்கள் குழுவின் முதல் தலைமுறை ஆட்டக்காரர்களில் மிஞ்சியிருக்கும் பெரியவர் கூட்டத்தில் கேட்டது ஒன்றுதான்: "ஏ தம்பி, நாங்க போன பொறவு இத எவன் தொறந்து பாப்பான்? தொறந்தாலும் என்னன்னு வெளங்கணும்லா?" திறக்க முடிய வேண்டும், திறந்தால் விளங்க வேண்டும் என்ற அந்த இரண்டையும்தான் நான் அளவுகோலாக எடுத்துக்கொண்டேன்.

முகநூலையும் வாட்ஸ்அப்பையும் முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அவை ஏற்கெனவே எல்லோர் கையிலும் இருக்கின்றன, செலவும் இல்லை. ஆட்களைத் திரட்டுவதில் இவற்றுக்கு நிகர் வேறில்லை. துபாயிலும் திருப்பூரிலும் இருக்கிற பழைய ஆட்டக்காரர்களை ஒரே இரவில் எட்டிவிடலாம். ஒரு படத்தைப் போட்டால் 'வலது ஓரத்தில் நிற்பது என் சித்தப்பா' என்று யாராவது எழுதுவார்கள். ஆனால் பாதுகாப்பிடமாக இவற்றை நம்ப முடியாது. வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது சுருக்கித்தான் அனுப்பும், படத்துக்குள் பதிந்திருக்கும் தேதி முதலிய விவரங்களையும் நீக்கிவிடும். அதே கோப்பை 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் மட்டுமே மாறாமல் போய்ச்சேரும். முகநூலில் நாமாகத் தேதியை மாற்றாவிட்டால் எந்தப் பதிவும் ஏற்றிய நாளின் தேதியோடு நிற்பதால், 1987இல் நடந்த ஆட்டத்தின் படத்தை 2016இல் ஏற்றினால் அது 2016ஆம் ஆண்டுப் பதிவாகவே தேடுபவருக்குத் தெரியும். அங்கிருந்து அந்தப் படத்தை எடுத்து இன்னொருவர் பகிரும்போது '2016 பொங்கல் போட்டி' என்று தலைப்பிட்டால் அதுவே வரலாறாகிவிடும். எங்கள் குழுவின் படம் ஒன்றுக்கு இது நடந்தேவிட்டது. இணையத்தில் எதுவும் அழியாது என்று பலர் நம்புகிறார்கள். ஜியோசிட்டீஸ் 2009இலும், ஆர்குட் 2014இலும், கூகுள் பிளஸ் 2019இலும் என்று பெரிய இணையத்தளங்களே மூடப்பட்டபோது அங்கே தங்கள் ஊர்ப் படங்களை விட்டு வைத்தவர்களுக்கு அது அப்படியில்லை என்று தெரிந்தது.

சொந்த இணையத்தளத்தைப் பற்றி நான் அனுபவத்தில் பேசுகிறேன். பதினைந்து ஆண்டுகளுக்கு முன் எங்கள் குழுவுக்கு ஒரு தளம் இருந்தது. அதை அமைத்த பையன் வெளிநாடு போனான். கடவுச்சொல் அவனிடமே இருந்தது. தளத்தின் முகவரிப் பெயரைப் புதுப்பிக்கச் சொல்லி வந்த மின்னஞ்சல் யாரும் திறக்காத பெட்டியில் கிடந்தது. பிறகொரு நாள் அந்த முகவரியைத் திறந்தபோது சூதாட்ட விளம்பரம் வந்தது. காலாவதியான பெயர்களை வாங்கி இப்படிப் பயன்படுத்துவதற்கென்றே ஒரு வியாபாரம் இருக்கிறது என்பதை அன்று கற்றுக்கொண்டேன். இணைய ஆவணக் காப்பகத்தின் பழைய பிரதியில் எழுத்துகள் கிடைத்தன. படங்களில் பாதி கிடைக்கவில்லை. ஒரு .இன் முகவரிக்கு ஆண்டுக்குப் பெரிய தொகை ஆகாது, ஆகவே பணம் தடையில்லை. ஆண்டுதோறும் தவறாமல் கட்டுவதற்கு ஒரு பொறுப்பாளர், அவருக்குப் பின் இன்னொருவர், அவருக்குப் பின் மற்றொருவர் என்ற தொடர்ச்சி வேண்டும். பள்ளிக்கும் கோவிலுக்கும் அது உண்டு. ஆட்டக்காரர்கள் முப்பது வயதில் ஊரைவிட்டுப் போய்விடும் கபடிக் குழுவுக்கு அது அரிது.

இலவச வலைப்பூ இந்தப் புதுப்பிப்புத் தொல்லையைத் தவிர்க்கும். எங்கள் வட்டாரத்தில் ஊர் வரலாற்றை எழுதிய பலர் அதைத்தான் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் அதிலும் ஒரு விசித்திரம் இருக்கிறது, பலர் அதைக் கவனிக்கவில்லை. 2012 முதல், தன் இலவச வலைப்பூச் சேவையான பிளாக்ஸ்பாட்டின் முகவரிகளை இந்தியாவில் திறக்கும்போது கூகுள் '.இன்' என்ற முடிவுக்குத் திருப்பிவிட்டது. எழுதியவர்களும் அந்த முகவரியையே பிற இடங்களில் மேற்கோளாகக் கொடுத்தார்கள். 2020இல் அந்த '.இன்' பெயர் கூகுளின் கையைவிட்டுப் போனது. பதிவுகள் அழியவில்லை, அவற்றுக்குப் போகும் வழிகள்தான் அறுந்தன. திறக்காத பழைய நெல்லை வரலாற்றுப் பக்கம் ஒன்றைக் கண்டால் முடிவில் உள்ள '.இன்' என்பதை '.காம்' என்று மாற்றிப் பாருங்கள், பெரும்பாலும் திறந்துவிடும்.

விக்கிப்பீடியாவை நீளமாகப் பேச வேண்டியதில்லை. 2003இல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியா நம் ஊர்களுக்குச் செய்திருக்கும் தொண்டு பெரியது என்றாலும், வேறெங்கும் வெளியாகாத செய்தியை முதன்முதலாக வெளியிடும் இடமாக அது தன்னை வைத்துக்கொள்வதில்லை. எங்கள் பெட்டியில் உள்ள கணக்கு நோட்டை வைத்து அங்கே கட்டுரை எழுதினால் நீக்கத்தான் செய்வார்கள், அது நியாயமும்கூட. அச்சில் வந்த புத்தகம் ஒன்று இருந்தால், எங்கள் ஊரைப் பற்றிய கட்டுரையில் விளையாட்டுக்கு ஒரு பத்தி சேர்த்து அதைச் சான்றாகக் காட்டலாம். ஆகவே விக்கிப்பீடியா கடைசியில் வர வேண்டியது.

அச்சுப் புத்தகத்தின் பலம் எல்லோரும் அறிந்ததுதான். ஆனால் நம் பக்கத்துச் சிறப்பு மலர்களில் வாழ்த்துரைகளும் விளம்பரங்களும் முக்கால் பங்கை விழுங்கிவிடுகின்றன; எஞ்சிய இடத்தில் அஞ்சல்தலை அளவுக்குக் குழுப்படத்தைப் போட்டு, 'நமது வீரர்கள்' என்று மட்டும் எழுதிவிடுகிறார்கள். 64 பக்கத்தில் வாழ்த்துரைக்கு நான்கு பக்கத்துக்கு மேல் விடக்கூடாது என்று நான் குழுவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறேன். புத்தகத்துக்கு இன்னொரு வலு சட்டத்திலிருந்து வருகிறது. 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டப்படி, இந்தியாவில் வெளியாகும் புத்தகத்தின் பிரதியைக் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னைக் கன்னிமாரா உள்ளிட்ட மூன்று நூலகங்களுக்கும் வெளியிடுபவர் தம் செலவில் அனுப்ப வேண்டும். புத்தகத்தை உலகெங்கும் அடையாளம் காட்டும் ஐஎஸ்பிஎன் எண்ணும் நம் நாட்டில் இலவசமாகவே கிடைக்கிறது. பெரும்பாலான ஊர் மலர்கள் இந்த நூலகங்களுக்குப் போவதே இல்லை. போயிருந்தால், பெட்டிகள் வெள்ளத்தில் போன ஊர்களுக்கும் ஒரு பிரதியாவது மிஞ்சியிருக்கும். 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி எத்தனை வீடுகளுக்குள் புகுந்தது என்று நமக்குத் தெரியும். எங்கள் தகரப் பெட்டி பரணில் இருந்ததால் தப்பியது.

அச்சகத்தில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. பல அச்சகங்கள் இன்றும், எல்லாக் கணினிகளுக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில்தான் பக்கம் அமைக்கின்றன. 2010இலேயே தமிழக அரசு யூனிகோடை ஏற்றுக்கொண்டுவிட்டது என்றாலும், பழைய முறையில் அமைத்த பிடிஎஃப் கோப்பில் 'திருநெல்வேலி' என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டினால் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியல்தான் வரும், தேடினாலும் கிடைக்காது. தட்டச்சு செய்த மூலத்தை யூனிகோடில் நம்மிடம் வைத்துக்கொண்ட பிறகே அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டும்.

தேடலைப் பற்றிப் பேசும்போது பெயர்களின் சிக்கலையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் எங்கே வைத்தாலும் இது பின்தொடரும். கபடி பழைய நோட்டீசில் சடுகுடு என்று இருக்கும். ஹாக்கியைச் செய்தித்தாள் 'ஆக்கி' என்றும், விக்கிப்பீடியா 'வளைதடிப் பந்தாட்டம்' என்றும் எழுதும். ஸ்ரீவைகுண்டத்தைத் திருவைகுண்டம் என்று எழுதுவோரும் உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தே கணினிக்குள் இரண்டு விதமாகப் பதிவாகக்கூடியது என்பதால், கண்ணுக்கு ஒன்றாகத் தெரியும் இரண்டு சொற்களைத் தேடுபொறி வேறு வேறாக எண்ணக்கூடும். பழைய ஆங்கில ஏடுகளில் திருநெல்வேலி 'டின்னவேலி' என்றும், பாளையங்கோட்டை 'பாளம்கோட்டா' என்றும் இருக்கும். ஆட்டக்காரர்களின் பெயர் நிலை இதைவிட மோசம். எங்கள் நோட்டுகளில் 'இசக்கிமுத்து' என்ற பெயரில் குறைந்தது நான்கு பேர் இருக்கிறார்கள், முதலெழுத்து இல்லை. கோவில்பட்டிக்காரருக்கு ச. மாரீஸ்வரனாக இருப்பவர் ஆங்கிலப் பட்டியலில் மாரீஸ்வரன் சக்திவேல் ஆகிவிடுகிறார், அதாவது தந்தை பெயரும் தன் பெயரும் ஒன்றாகிவிடுகின்றன. ஆகவே ஒவ்வொரு பதிவிலும் ஆட்டத்தின் எல்லாப் பெயர்களையும், ஊரின் எல்லா எழுத்து வடிவங்களையும், ஆட்டக்காரரின் தந்தை பெயரையும் தெருவையும் பட்டப்பெயரையும் சேர்த்து எழுத வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஊருக்குள் ஒருவரை அடையாளம் காட்டுவது பட்டப்பெயர்தான். அதை மரியாதைக் குறைவு என்று விட்டுவிட்டால் ஆளே தொலைந்துவிடுவார்.

இனி இணைய ஆவணக் காப்பகம். 1996இல் அமெரிக்காவில் தொடங்கிய இந்த நிறுவனம் லாப நோக்கமற்றது. யாரும் கணக்குத் தொடங்கிக் கோப்புகளை இலவசமாக ஏற்றலாம்; ஏற்றிய மூலக் கோப்பு சுருங்காமல் அப்படியே இருக்கும்; ஒவ்வொரு பொருளுக்கும் தலைப்பும், அது உருவான தேதியும், விளக்கமும் தமிழிலேயே எழுதலாம். ஏற்றிய தேதியும் நிகழ்ந்த தேதியும் தனித்தனியாக நிற்பதால், முகநூலில் கண்ட குழப்பம் இங்கே வராது. எவரும் உள்நுழையாமல் திறந்து இறக்கிக்கொள்ளலாம் என்பது பெரியவரின் முதல் கேள்விக்கு நேரான விடை. குறைகளையும் மறைக்கக் கூடாது. 2017 ஆகஸ்டில் திரைப்படத் திருட்டுக்கு எதிரான நீதிமன்ற உத்தரவு ஒன்றின் தொடர்ச்சியாக இந்தியாவில் இந்தத் தளம் சில நாட்கள் தடைபட்டது. 2024 அக்டோபரில் இணையத் தாக்குதலால் பல நாட்கள் முடங்கியது. பக்கங்கள் ஆங்கிலத்தில் இருப்பதால் நம் ஆட்களில் பலர் தாமாகப் போய்ப் பார்க்க மாட்டார்கள். ஒரே இடமாக இதையும் நம்பிவிட முடியாது; ஆனால் இதுவரை சொன்னவற்றில் நம் தரப்பில் மிகக் குறைந்த பராமரிப்பைக் கேட்பது இதுதான்.

எங்கே ஏற்றினாலும் உரிமைக் கேள்வி வரும். நம் பதிப்புரிமைச் சட்டப்படி, பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன புகைப்படத்துக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர். ஆகவே ஸ்டூடியோக்காரரை வரவழைத்துக் குழு எடுத்த படங்களை நாம் தயக்கமின்றி வெளியிடலாம். செய்தித்தாள் துண்டுகள் அப்படியல்ல. அவற்றின் தேதியையும் பக்கத்தையும் குறித்து, செய்தியை நம் சொற்களில் எழுதுவதே முறை.

இவற்றையெல்லாம் வைத்துப் பார்த்து நான் குழுவுக்குச் சொன்ன முடிவு இது: சொந்த இணையத்தளம் இப்போது வேண்டாம். அதற்கு ஒதுக்க நினைத்த பணத்தையும் சேர்த்து 300 பிரதி அச்சிடலாம். நூலகங்களுக்குரிய பிரதிகளை அனுப்பிவிட்டு, பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்துக்கும் நம் ஊர்ப் பள்ளிக்கும் கூடுதலாகக் கொடுக்கலாம். பெட்டியில் உள்ள ஒவ்வொரு தாளையும் இருபுறமும், ஓரம் வெட்டாமல், புகைப்படங்களை அங்குலத்துக்கு 600 புள்ளி அளவில் ஸ்கேன் செய்து ஆவணக் காப்பகத்தில் ஏற்றி, அந்த முகவரியைப் புத்தகத்தின் முதல் பக்கத்தில் அச்சிடலாம். கணக்கின் கடவுச்சொல்லை மூன்று பேர் வைத்திருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது ஊரிலேயே இருப்பவராக இருக்க வேண்டும். முகநூல் பக்கம் இருக்கட்டும், ஆனால் முகம் அடையாளம் காண உதவி கேட்கும் இடமாக மட்டும். இளைஞர்களுக்கு இதில் சிறு வருத்தம் உண்டு. தங்கள் ஆட்டங்களின் வீடியோக்கள் புத்தகத்துக்குள் வராது என்றார்கள். அது உண்மைதான். வீடியோவை யூடியூபில் போடுவதோடு மூலக் கோப்பையும் அதே காப்பகத்தில் ஏற்றுவது என்று பேசி முடித்தோம்.

வேலைகளின் வரிசையை மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. அச்சிடுவதும் காப்பகத்தில் ஏற்றுவதும் ஆறு மாதம் தள்ளிப்போனாலும் குற்றமில்லை, பெயர் கேட்பது தள்ளிப்போகக் கூடாது. படத்தில் நிற்பவர்களை அறிந்தவர்கள் எண்பதை நெருங்குகிறார்கள். சென்ற ஞாயிற்றுக்கிழமை பள்ளி வராந்தாவில் பெரியவரை உட்கார வைத்து, படங்களைக் கணினித் திரையில் பெரிதாக்கிக் காட்டினோம். இடமிருந்து வலமாக ஒவ்வொரு பெயராகச் சொல்லச் சொல்ல, படத்தின் பின்புறத்தில் மென்மையான பென்சிலால் எழுதிக்கொண்டோம். 1987ஆம் ஆண்டுக் கோப்பையோடு நிற்கும் படத்தில் பதினொரு பேருக்குப் பெயர் கிடைத்துவிட்டது. பின்வரிசையில் மூன்றாவதாக, துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு நிற்பவர் யார் என்று அவருக்கு நினைவு வரவில்லை. முக்கூடலில் இருக்கும் தன் பழைய ஆட்டத் தோழருக்குத் தெரியும் என்றார். வருகிற ஞாயிறு படத்தை எடுத்துக்கொண்டு அவரையும் கூட்டிக்கொண்டு அங்கே போகிறோம்.